அரிசி மணியளவு பல்

என் அன்புள்ள பல் கட்டுகிறவருக்கு,

நீங்களும் குட்டியும் நலம்தானே? எனக்கு இன்று காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். பாதியில் குட்டி போனைப் பிடுங்கிக்கொள்வாள், மீதியை நான் அழுதே கெடுத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

வந்துவிட்டது. மூன்றாவது முயற்சியில் வந்தேவிட்டது!

பாதி விஷயம் உங்களுக்கே தெரியும். பிடுங்கிப்போட்ட ஞானப்பல்லுக்குள் இருக்கும் கூழிலிருந்து ஸ்டெம் செல்களை எடுக்கிறோம். என்னவாக ஆவது என்று இன்னும் முடிவெடுக்காத செல்கள் அவை. நோய் தரும் பகுதியை நீக்கிவிட்ட வைரஸில் ஒரு மரபணுவை ஏற்றி அவற்றுக்குள் அனுப்புகிறோம். பல்லாக வளரச் சொல்லும் மரபணு. முதல் தடவை வைரஸ் கூடிப்போய் எல்லாம் செத்தன. அடுத்த தடவை சொன்ன பேச்சைக் கேட்டன. ஆனால் அரைகுறையாகக் கேட்டுவிட்டு எலும்புக் கட்டியாகி நின்றன. அன்று உங்களிடம் தலைவலி என்று சொல்லி போனை வைத்தேனே, அதற்குத்தான்.

இந்த முறை வைரஸைக் குறைத்தோம். செல்கள் ஒட்டி வளர ஒரு பல்லின் வேர்த்துண்டைக் கொடுத்து, எலியின் தோலுக்கடியில் வைத்தோம். இன்று அதை எடுத்துச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். வேர்த்துண்டின் மேல் புதிதாக ஒன்று வளர்ந்திருந்தது. எனாமலுக்கு அடியில் கெட்டியாக இருக்குமே டென்டின், அதேதான்! அச்சு அசல் பல்லில் இருப்பது போலவே நுண்ணிய குழாய்கள் ஒரே பக்கமாக வரிசை கட்டி நின்றன. எலும்பில் அப்படி இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க மரபணு கொடுக்காமல் விட்ட செல்கள் வெறும் நாராகக் கிடந்தன.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். சிரித்தால் சம்பளம் பிடித்துவிடுவார்கள் என்பது போல முகத்தை வைத்திருப்பாரே, அவர்தான். குனிந்தவர் நிமிரவேயில்லை. வேறு ஸ்லைடு இருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றையும் காட்டினேன். கடைசியில், “ஏம்மா, இது பல்லுதாம்மா!” என்று கத்திக்கொண்டு எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது. எலிகளுக்குத் தீனி வைப்பவர், கூண்டு திறந்து ஏதோ தப்பிவிட்டது என்று நினைத்துத் துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

உங்கள் தொழிலுக்கு உலை வைத்துவிட்டேன் என்று பயப்படாதீர்கள். வந்திருப்பது அரிசி மணியளவுதான். அதில் எனாமல் கிடையாது. மனிதர்கள் வாய்க்குப் போய்ச் சேர எத்தனையோ வருடம் ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த கட்டத்தை நானே நடத்த வேண்டுமாம். மூன்று வருட வேலை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். குட்டியின் முன்பல் விழுந்ததை நான் படத்தில்தான் பார்த்தேன். நீங்களும் பட்டறை, மழை, அவள் பள்ளிக்கூடம் என்று எல்லாம் எழுதுகிறீர்கள், எப்போது வருவாய் என்று மட்டும் கேட்பதே இல்லை. கேளுங்கள். வா என்றால் வந்துவிடுவேன்.

உங்கள்
ஆராய்ச்சிக்காரி

*

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையிலேயே சத்தம் போட்டுப் படித்தேன். பல்செட் வாங்க வந்திருந்த ஒரு பெரியவர், “அப்போ இது வேணாம்ப்பா, உன் வீட்டம்மா குடுக்கிற பல்லுக்கே காத்திருக்கேன்” என்றார். எண்பதைத் தாண்டியவர். போகும்போது மட்டும் செட்டை மறக்காமல் மாட்டிக்கொண்டு போனார்.

அம்மா எலிக்குள்ளே பல் வளர்த்துவிட்டாள் என்று குட்டியிடம் சொன்னேன். “எலிக்குத்தான் ஏற்கெனவே பல் இருக்கே, எனக்குத்தானே இல்ல?” என்று வாயைத் திறந்து காட்டினாள். இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் தப்பித்து வந்துவிட்டேன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எலும்புக் கட்டியைப் பற்றி அன்றே சொல்லியிருக்கலாம் நீ. பிளாஸ்டர் அச்சு உடைந்தால் நான் உன்னிடம்தானே புலம்புகிறேன்?

எப்போது வருவாய் என்று ஏன் கேட்கவில்லை தெரியுமா? கேட்டால் வந்துவிடுவாய் என்றுதான்.

நீ வர வேண்டாம். நாங்கள் வருகிறோம். பட்டறையை என் கூட்டாளியே பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அங்கே எனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. அங்கே மட்டும் மனிதர்களுக்குப் பல் விழாமலா இருக்கும்? பள்ளி விடுமுறை விட்டதும் கிளம்பிவிடுவோம்.

ஒன்றே ஒன்று. குட்டி நன்றாக வளர்ந்துவிட்டாள். போனில் அவ்வளவு வாயாடுகிறவள், உன்னை நேரில் கண்டதும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாலும் கொள்வாள். அதைப் பார்த்து நீ மனம் உடைந்துவிடாதே. உன்னை நேரில் பார்த்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, கொஞ்சம் வெட்கம் இருக்கும். எட்ட நின்று பார்க்காமல் நீயே முதலில் கூப்பிட்டுவிடு.

என்னையும்தான்.

உன்
பல் கட்டுகிறவன்