வேண்டுமென்றே கெடுத்த படம்

கொழும்பு
3.5.1966

அன்புள்ள இராசமாணிக்கம்,

அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். நீயும் அழகாயியும் மகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். மாத்தளையை விட்டுப் புள்ளிவிவரம் படிக்க வந்தவனை எங்கள் மாஸ்டர் படுத்தும் பாட்டைக் கேள். நல்ல வரைபடம் போடத் தெரிய வேண்டுமானால் முதலில் கேவலமாகப் போட்டுப் பழக வேண்டுமாம்! ஒருவன் கண் கூசுகிற மாதிரி வண்ணம் அடித்தான். இன்னொருவன் சிறு ஏற்றத்தை மலையாக நிமிர்த்தினான். நான் உன் தோட்டத்து டிஸ்பென்சரியில் நீ எழுதும் வயிற்றோட்டக் கணக்கை எடுத்து, எல்லா லயக் குடியிருப்புகளையும் ஒன்றாகக் கலந்து வழுவழுப்பாக ஒரே கோடு போட்டேன். கீழ்லயத்து நோய் அதில் காணாமலே போய்விட்டது. "பார்க்க அழகா இருக்கிறதாலதான் இது எல்லாத்தையும்விட மோசம்" என்று மாஸ்டர் எனக்கே முதலிடம் தந்தார்.

லயம் லயமாகப் பிரித்த சரியான படத்தையும் அதோடு சேர்த்து இந்த உறையில் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது. நீங்கள் இருப்பதும் கீழ்லயம்தானே? ஊற்றிலிருந்து வந்து விழும் அந்தப் பீலித் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

உன் ஸமத்


எல்கடுவ
14.5.1966

அன்பு ஸமத்,

உன் படங்கள் வந்தன. சிரிக்கத்தான் எடுத்து டிஸ்பென்சரி மேசையில் வைத்தேன், வினையாகிவிட்டது. தோட்டத்துப் பெரிய துரை வந்தவர் மற்றதைத் திரும்பியும் பார்க்காமல் அந்த அழகான படத்தைக் கையோடு கொண்டுபோய் ஆபீஸில் மாட்டிவிட்டார். "சீக்குதான் கொறைஞ்சிருச்சே, பீலிய எதுக்கு மாத்தணும்?" என்கிறார். அது பாடத்துக்காகக் கெடுத்த படம் என்றேன். "கொழும்புல படிக்கிறவன் போட்டது பொய், நீ சொல்றது நெசமா?" என்று ஏசினார்.

ஸமத், அதிகம் பேசினால் வேலை போகும். பிரஜாவுரிமை இல்லாதவனை இந்தியாவுக்குப் போ என்பார்கள். அங்கே எனக்கு யாரைத் தெரியும்? பேசாமலிருந்தால் கீழ்லயத்துப் பிள்ளைகளின் கதி என்ன? என் மகளே விளையாட்டுப் போக்கில் பீலியில் வாய் வைக்கிறாள். நீ துரைக்கு இரண்டு வரி எழுது. உன் சொல்லைக் கேட்பார்.

உன் இராசமாணிக்கம்


கொழும்பு
25.5.1966

அன்புள்ள இராசமாணிக்கம்,

உன் கடிதம் கண்டு தூக்கமில்லை. ஆனால் நான் எப்படி எழுதுவேன்? பொய்ப் படத்தை வெளியே அனுப்பினான் என்று தெரிந்தால் இங்கிருந்து துரத்திவிடுவார்கள். தங்கச்சி றஸ்மியாவுக்குச் சம்பந்தம் பேசுவதும் எனக்குக் கிடைக்கப்போகும் உத்தியோகத்தை நம்பித்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள், துரைக்குத் தானாகவே விளங்கும். தயவுசெய்து என் பெயரை மட்டும் இழுத்துவிடாதே.

ஸமத்


மாத்தளை ஆஸ்பத்திரி
4.6.1966

திரு. அப்துல் ஸமத் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் பிரட்டுக்களச் சுவரில் அந்தச் சரியான படத்தைப் பார்த்து லயத்துக்கு ஒரு கோடாகக் கரியால் இழுத்தேன். எல்லாம் கோணல். ஆனாலும் வேலைக்குப் பேர் கொடுக்க வந்த கீழ்லயத்துச் சின்னப்பிள்ளை அக்கா பார்த்ததும், "இம்புட்டு ஒசரமா நிக்கிறது நம்ம லயமாப்பா?" என்று கேட்டார். அன்றைக்கே பெண்கள் சேர்ந்து பீலியைச் சாக்கு வைத்து அடைத்துவிட்டார்கள். கிறுக்கியது யார் என்று துரை கேட்டார். நான்தான் என்றேன். இனி வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்.

மகளுக்கு அதற்கு முன்பே நோய் கண்டுவிட்டது. இரத்தமாகப் போகிறது. சேலைன் ஏற்றியிருக்கிறார்கள், இன்னும் கண் திறக்கவில்லை. அழகாயி அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு இப்போது வேலையைப் பற்றியோ இந்தியாவைப் பற்றியோ பயமில்லை. இருக்கிற பயமெல்லாம் இந்தக் கட்டிலைச் சுற்றித்தான்.

உங்கள் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் பயமில்லாமல் படியுங்கள்.

இப்படிக்கு,
செ. இராசமாணிக்கம்