நாற்காலி திரும்பி வரும்வரை

மார்ச் 3, திங்கள்

என் நாற்காலியை என் மகள் என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். இதுதான் நடந்த அநியாயம். மற்றதெல்லாம் விளக்கம்.

விளக்கம்: அவளுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. தினமும் உடற்பயிற்சி செய்ய வேண்டும், மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் காலத்துக்கும் மாத்திரைதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம். நடப்பதற்கென்று வாங்கிய ஷூ கட்டிலுக்கடியில் கிடக்கிறது. யோகாவுக்கு வாங்கிய பாயில் பேரன் கார் ஓட்டுகிறான். இப்போது புதிதாக ஒன்று: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டுமாம். வீட்டில் ஆடாத நாற்காலி என்னுடையது ஒன்றுதான். அது ஆடாததற்குக் காரணம் நான். நாலு காலையும் நானே இழைத்துச் சரிசெய்தேன். ஜன்னலோரம் இருந்ததை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே செய்யலாம் என்று சமையலறைக்கு இழுத்துப் போய்விட்டாள். வேலைக்குக் கிளம்பும்போதுதான் திரும்பி வந்தது.

இனி காலையில் அது திரும்பி வரும்வரை நான் எதிலும் உட்கார மாட்டேன் என்று சொன்னேன்.

"சரிப்பா, நில்லுங்க" என்றாள்.

மார்ச் 4, செவ்வாய்

நின்றேன். செய்தித்தாளை நின்றுகொண்டு படித்தால் நாட்டு நடப்பு இன்னும் மோசமாகத் தெரிகிறது.

மார்ச் 8, சனி

மாப்பிள்ளை சமரசத்துக்கு வந்தார். சோபா இருக்கிறது, பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன, எதற்கு மாமா இந்த வீம்பு என்றார். உட்காருவது பிரச்சினை இல்லை, கேட்காததுதான் பிரச்சினை என்றேன். உடனே பேத்தியைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டார். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"நாற்காலி தாத்தாவோடது. ஆனா சமையலறை அம்மாவோடது. உள்ள போனதெல்லாம் அம்மாவோடது."

ஒன்பது வயதுக்கு இது அதிகம்.

மார்ச் 12, புதன்

சமையலறை வாசலில் நின்று கவனித்தேன். அவள் உட்கார்ந்து எழ ஆரம்பிக்கிறாள். பேரனுக்கு ஒரு சாக்ஸைக் காணோம். போகிறாள், வருகிறாள், ஆரம்பிக்கிறாள். மாப்பிள்ளைக்கு வண்டிச் சாவியைக் காணோம். சட்டைப் பையில்தான் இருக்கிறது, அதையும் அவளே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரம்பிக்கிறாள். வக்கீலுக்குத் தலை பின்ன வேண்டும். பால் பொங்குகிறது. அதற்குள் வேலைக்கு நேரமாகிவிடுகிறது. மருந்துக்கடையில் பில் போடுகிறாள். ஊருக்கெல்லாம் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுப்பவள்.

யோசித்துப் பார்த்தேன். என் நாற்காலியைப் பிடித்து வைத்திருப்பது அவள் இல்லை. மற்ற மூன்று பேர்.

மார்ச் 13, வியாழன்

சாக்ஸை நானே தேடினேன். சோபாவுக்கு அடியில். நாற்காலி சீக்கிரம் வந்தது. பாசமெல்லாம் இல்லை. என் காரியம் ஆக வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

வாசல் பக்கம் ஆணி அடித்தேன். எதற்கு மாமா என்றார் மாப்பிள்ளை. சாவிக்கு என்றேன்.

தலை பின்னவும் கற்றுக்கொண்டேன். காலமெல்லாம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றியவனுக்கு இது பெரிய வித்தை இல்லை. மோட்டாரையும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பின்னல் சாயங்காலம்வரை அசையவில்லை. வக்கீல் தலை வலிக்கிறது என்கிறாள். அது வேறு வழக்கு.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் எழுந்து பார்த்தால் நாற்காலி ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. பேரனுக்குக் காய்ச்சல், கடையில் ஸ்டாக் எடுப்பு. நான்கு நாளாக அவள் பயிற்சி செய்ததும் அரைகுறைதான்.

"இனிமே எடுக்கலப்பா. நேரம் எங்க இருக்கு? நீங்க உக்காருங்க."

ஜெயித்துவிட்டேன். உட்கார வேண்டியதுதான் பாக்கி.

உட்காரவில்லை. நேரம் எங்க இருக்கு — இதே வார்த்தை, இதே குரல், இவள் அம்மாவுடையது. கடைசிவரை அவளுக்கு நேரம் கிடைக்கவே இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

கேட்காமல் எடுத்தது தப்பு என்றால், கேட்காமல் திருப்பி வைப்பதும் தப்புதான், வாங்கிக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

கணுக்கால் வீங்கிவிட்டது. மகள் பார்த்துவிட்டாள். கிளம்பி நின்றவள், தோளில் பை. குரலை உயர்த்தவில்லை. அதுதான் ஆபத்து.

"அப்பா, உக்காருங்க."

"நீ உக்காந்து எழு. அப்புறம் நான் உக்கார்றேன்."

"நீங்கதானே நாற்காலி நாற்காலின்னு உயிரை வாங்கினீங்க? இப்ப என்ன வந்துச்சு உங்களுக்கு?"

நின்றேன். அவளும் நின்றாள். இந்தப் பிடிவாதம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம். தண்ணீர் குடிக்க வந்த மாப்பிள்ளை குடிக்காமலே திரும்பிப் போனார். கடைசியில், பையைக்கூடக் கழற்றாமல், என்னை முறைத்துக்கொண்டே உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். மூச்சு வாங்க, "போதுமா?" என்றாள்.

பிறகுதான் உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது.

மே 5, திங்கள்

நாற்காலி போனது. வந்தது. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 9, திங்கள்

சர்க்கரை இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை. எப்படி விடாமல் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "எங்க அப்பா உக்காரணுமே, அதுக்காகத்தான்" என்றாளாம். அவருக்குப் புரிந்திருக்காது.

ஜூன் 14, சனி

கண் ஆபரேஷனுக்காக நாளை மகன் வீட்டுக்குப் போகிறேன். ஒரு மாதம் ஆகலாம். நான் இல்லாதபோது நடக்க வேண்டியவை:

பேரன்: இரண்டு சாக்ஸையும் முந்தின நாளே ஷூவுக்குள் போட்டு வைக்க வேண்டும்.

மாப்பிள்ளை: சாவி ஆணியில். பாலும் அவர் பொறுப்பு. பொங்கினால் மகளைக் கூப்பிடக் கூடாது. அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் அணையும் என்று காட்டிவிட்டேன்.

வக்கீல்: ஒரு மாதத்துக்குக் குதிரைவால். அப்பீல் கிடையாது.

மகள்: உட்கார வேண்டும், எழ வேண்டும். பிடிக்காத நாளில் முறைத்துக்கொண்டே செய்யலாம். முறைப்பதற்கு என் படம் ஹாலில் இருக்கிறது.

நாற்காலி: சமையலறையிலேயே இருக்கட்டும். ஜன்னலோரம் திருப்பி வைக்க வேண்டாம். நான் வந்த பிறகும்.

நான்: சோபாவில் உட்காரப் பழக வேண்டும்.