நெட்டுக்குத்தாக நிறுத்திய டிவி

21.09.2013, சனி. காலை 10.40.

ஊர்க்காரர்கள் போனில் எடுத்த க்ளிப் மொத்தம் அறுபத்து மூன்று. கம்ப்யூட்டரில் திறந்தால் நேராக நிற்பவை ஒன்பது. மற்றதில் எல்லாம் ஊரே படுத்துக் கிடக்கிறது. ஃபாதர் படுத்தபடி ஜெபிக்கிறார். பேண்டுக்காரர்கள் படுத்தபடி ஊதுகிறார்கள். கடல் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. இரண்டில் தலைகீழ்.

எவன்லே இவங்களுக்கெல்லாம் போன் வாங்கிக் கொடுத்தது?

நடந்ததை எழுதி வைக்கிறேன். நேற்று சாயங்காலம் மிக்கேல் அதிதூதர் கோவில் கொடியேற்று. மண்டைக்காட்டுக்கு மேற்கே, கடலை ஒட்டின ஊர். பத்து நாள் திருவிழா வீடியோவும் வைகுண்டராஜன் அண்ணாச்சியின் ஸ்டூடியோவுக்கு, அதாவது மார்த்தாண்டத்தில் நான் எடிட்டிங் பார்க்கிற கடைக்கு. இந்த வருஷம் புதுக் கொடிமரம். கத்தாரில் இருக்கும் ஊர்ப் பையன்கள் சேர்ந்து கொடுத்தது. எங்கள் கேமராமேன் ஜெனோ மரத்தை ஒட்டி நின்றிருக்கிறான். பின்னால் போக முடியாது, மதில். அதனால் அவன் எடுத்ததில் ஆள் இருந்தால் கொடி இல்லை. கொடி இருந்தால் ஆள் இல்லை.

இன்று கடை திறந்ததும் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் ஞானதாசன் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

“கொடி எங்கப்போ?”

உச்சியில் பறக்கும் கொடியை ஜெனோ காட்டினான்.

“லே, அது ஏறின கொடி. ஏறுற கொடி எங்க?”

நான் சி.எஸ்.ஐ. எங்கள் சபையில் கொடியேற்று கிடையாது. அதனால் அவர் சத்தம் போட்ட காரணம் முதலில் எனக்கு ஏறவில்லை. அந்த ஊர் வழக்கம் இது: கொடி நடுவில் நிற்காமல் ஒரே மூச்சில் உச்சி சேர வேண்டும். கயிறு சிக்கி நின்றால் அந்த வருஷம் கடல் சரியிருக்காது என்பார்கள். நேற்று நிற்கவில்லை. ஆனால் எங்கள் வீடியோவில் நடுவே மூன்று வெட்டு.

“கத்தார்ல இருக்கியவன் இதப் பாத்தா என்ன சொல்லுவான் தெரியுமா மக்கா? கொடி பாதியில நின்னு போச்சு, ஸ்டூடியோக்காரன வச்சு வெட்டி ஒட்டிட்டாவன்னு சொல்லுவான்.”

கயிறு இழுக்கும் கையும் ஏறும் கொடியும் ஒரே படத்தில், வெட்டு இல்லாமல் வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை பங்கு மண்டபத்தில் கமிட்டிக்குக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பத்தாம் நாள் தேர் வரை மீதி வேலை நாகர்கோவிலில் வேறொருவருக்கு.

அவர் போனபின் அண்ணாச்சி சத்தமே இல்லாமல் சொன்னார். “இந்த வேலயும் போச்சுன்னா எடிட்டிங்க நிறுத்திருவேன் சிஜின். எனக்குப் போட்டோ போதும்.”

எடிட்டிங் நின்றால் எனக்கு இங்கே வேலை இல்லை. அப்புறம் சவூதியில் தம்மாம்தான். ஏ.சி. ரிப்பேர் வேலைக்குச் சித்தப்பா விசா தயாராக வைத்திருக்கிறார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தது மொட்டைமாடியில் ஏறிக் கம்ப்ரசர் கழுவவா?

அதே நாள், மாலை.

இந்த அறுபத்து மூன்றையும் நேற்று ராத்திரியே ஊருக்குள் போன் வைத்திருந்தவர்களிடமிருந்து வாங்கி, காலையில் பென்டிரைவில் கொண்டுவந்தவள் ஞானதாசனின் மகள் பெபிஷா. கல்லூரியில் கணக்குப் படிக்கிறாளாம். படுத்துக் கிடக்கும் க்ளிப்பைக் காட்டி, “போனைப் படுக்க வைத்துப் பிடிக்கணும்னு யாருக்கும் தெரியாதா?” என்று கேட்டேன்.

“எங்க போன்ல நேராத்தான் இருக்கு. உங்க கம்ப்யூட்டருதான் கோணல்.”

கோணல் இல்லை. போன் எப்போதும் ஒரே மாதிரிதான் படம் பிடிக்கிறது. ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்று ஒரு குறிப்பை மட்டும் கூடவே எழுதி வைக்கிறது. போன் அந்தக் குறிப்பைப் படிக்கும். எங்கள் பழைய சாப்ட்வேர் படிக்காது. சொன்னேன். கேட்டுவிட்டு,

“அப்பம் வாசிக்கத் தெரியாதது உங்க கம்ப்யூட்டருக்காக்கும். கொடிமரம் நிக்குது, போனையும் நிறுத்தித்தான பிடிக்கணும்? படுக்கவச்சுப் பிடிக்க அது என்ன கடல்ல கெடக்கிய வள்ளமா?”

ஜெனோ சிரித்தான். அவனுக்கு என்ன, சிரிப்பான்.

ஆனால் அவள் எடுத்த க்ளிப் நன்றாக இருக்கிறது. எதிர்வீட்டு மாடியில் நின்று எடுத்திருக்கிறாள். கீழே கயிறு இழுக்கும் ஆறு பேர், மேலே மரத்தின் உச்சி, நடுவில் கொடி. ஆட்டம் இல்லை, வெட்டு இல்லை. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

22.09.2013, ஞாயிறு.

சபைக்குப் போய் வந்தோம். சாப்பிடும்போது அப்பா: “தீர்மானிச்சியா?” இல்லை என்றேன். “பின்ன எப்பம் போற? சித்தப்பன் காத்துட்டிருக்க அவன் என்ன பஸ் ஸ்டாண்டா?” அப்பா கண்டக்டர். எதைச் சொன்னாலும் பஸ்ஸில் ஏற்றித்தான் சொல்வார்.

செவ்வாய் வரை அவகாசம் கேட்டேன். தந்தார்.

23.09.2013, திங்கள்.

எல்லா க்ளிப்பையும் திருப்பி முடித்தேன். தொண்ணூறு டிகிரி வலது. சிலது இடது. தலைகீழ் இரண்டும் நூற்றெண்பது. திருப்புவது பெரிய காரியமில்லை, பெட்டியில் எண்ணைப் போட்டால் திரும்பும். திருப்பியபின் வருவதுதான் தலைவலி. டிவி அகலம், க்ளிப் உயரம். முழுசாகக் காட்டினால் படம் நடுவில் ஒரு கீற்றாகச் சுருங்கி நிற்கும், இரண்டு பக்கமும் கறுப்பு. அகலத்தை நிரப்பினால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

முதலில் கீற்று. அண்ணாச்சி பார்த்துவிட்டு, “கதவு இடுக்கு வழியா எட்டிப் பாக்க மாதிரி இருக்கு. கொடியா அது, பறக்கிய ஈச்சயா?” என்றார்.

அடுத்து, அகலத்தை நிரப்பிவிட்டு, கொடியோடு சேர்ந்து படமும் மேலே நகரும்படி வைத்தேன். வழுவழுவென்று ஏறியது. எனக்கே பிடித்திருந்தது. பென்டிரைவ் வாங்க வந்த பெபிஷாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இழுக்கிய கை எங்க?”

“கொடி ஏறும்போது கை கீழே போயிடும்ல.”

“அப்பம் கயிறு நிக்கலன்னு எப்படித் தெரியும்? அப்பா ஒத்துக்க மாட்டாவ. கத்தார்ல உள்ளவிய சுத்தமா ஒத்துக்க மாட்டாவ.”

சவம். அவள் சொன்னது சரிதான்.

செய்ததையெல்லாம் அழித்தேன். அவள் க்ளிப்பைத் திருப்பாமல், வந்த மேனிக்கே திரை நிறைய ஓடவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கொடி இடப்பக்கமாகப் படுத்தபடி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. சாயா வாங்கி வந்த ஜெனோ கதவருகே நின்று தலையைத் தோளில் சாய்த்தான்.

“மக்கா, சூப்பரா ஏறுதுலே!”

நானும் கழுத்தைச் சாய்த்தேன். நேராக நின்றது. கை, கயிறு, கொடி, உச்சி எல்லாம் முழுசாக. ஒரு புள்ளி கூட வீணாகவில்லை.

ஒரு நிமிஷம் என்னையே திட்டினேன். இரண்டு நாளாக க்ளிப்பைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். திருப்ப வேண்டியது டிவியை!

மானிட்டரைக் கழற்றி, கல்யாண ஆல்பங்களுக்கு நடுவில் நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். அண்ணாச்சி ஓடி வந்தார். “ஏலே, என்னத்துக்கு அதப் போட்டு உடைக்க?” பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இன்னும் வேலை இருக்கிறது. எல்லா க்ளிப்பின் தலையும் ஒரே பக்கம் வர வேண்டும். எழுத்துகளைப் படுக்க வைக்க வேண்டும். கோவில் பெயரைப் படுக்க வைத்துப் பார்த்தபோது பைத்தியக்காரன் எழுதியது மாதிரி இருந்தது. மானிட்டரில் கம்பீரம்.

24.09.2013, செவ்வாய்.

பங்கு மண்டபம். கமிட்டி ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என்றார்கள். போனால் மண்டபம் நிறைய ஆள். கடை டிவியைச் சணல் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோயிருந்தோம். மேசைமேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் பெஞ்சைச் சாய்த்து முட்டுக் கொடுத்தேன். உடனே ஆரம்பித்துவிட்டார்கள்.

“டிவி தண்ணியடிச்சுருக்கோ?”

“மார்த்தாண்டத்துல இப்படித்தான் வைப்பாவளோ!”

“லே, அது நிக்குது. நீதான் படுத்துருக்க.”

ஞானதாசன் மட்டும் சிரிக்கவில்லை. “மக்கா, வெளையாட்டு காட்ட இல்ல வரச்சொன்னது.”

“பார்த்துட்டுச் சொல்லுங்க,” என்று ஸ்விட்சைப் போட்டேன். இந்த மாதிரி நேரத்தில் மரியாதையாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வராது.

இடப்பக்கப் பெஞ்சிலிருந்து ஒருவர், “எங்களுக்குக் கறுப்பாத் தெரியுது” என்றார். இந்த வகைத் திரையை நிறுத்தி வைத்தால் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வெளிச்சம் போய்விடும், நேற்றே தெரியும். “நேரா வந்து இருங்க,” என்றேன். அவர் முறைத்தார். ஆனால் வந்து உட்கார்ந்தார்.

பெபிஷாவின் க்ளிப் வந்தது. கொடி ஏறத் தொடங்கியது. அடியிலிருந்து உச்சிவரை மரம் முழுசாக நின்றது, மேசையோடு சேர்த்து ஆள் உயரத்துக்கு. பாதி ஏறும்போது பின்னாலிருந்து ஒரு அம்மா, “நிக்காத, நிக்காத, போ!” என்றாள். அப்புறம் மண்டபம் முழுக்க அதே சத்தம். வெள்ளிக்கிழமையே ஏறி முடிந்த கொடி! இவர்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கே நின்று பார்த்தவர்கள்தான்! உச்சியில் கொடி விரிந்ததும் கை தட்டினார்கள். யாரோ ஒருத்தி குலவை போட்டாள்.

ஞானதாசன் டிவிக்குப் பக்கத்தில் போய், கயிறு இழுக்கும் ஆட்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னொருக்கப் போடு மக்கா.”

நாலு தடவை போட்டேன். பத்தாம் நாள் தேர் எங்களுக்குத்தான். அதையும் இதே மாதிரி நெட்டுக்குத்தாக எடுக்கச் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோவில் அண்ணாச்சி என் தோளில் கை வைத்துக்கொண்டே வந்தார். இதுவரை வைத்ததில்லை. சொல்ல வெட்கம் என்ன, எனக்கு நெஞ்சு விரிந்துதான் இருந்தது. இந்த ஜில்லாவில் எனக்குத் தெரிந்து யாரும் இப்படிக் காட்டியதில்லை.

25.09.2013, புதன்.

கத்தாரிலிருந்து கடைக்குப் போன். ஞானதாசனின் தம்பி. அனுப்பிய வீடியோ லேப்டாப்பில் படுத்தபடி வந்ததாம். “அண்ணன் சொன்ன மாதிரி லேப்டாப்ப பைபிள் மாதிரித் தொறந்து நிறுத்தி வச்சோம் கேட்டியா. ஒரு ரூம்ல பதினெட்டு பேரு. ஒருத்தன் கட்டில்ல படுத்துட்டே பாத்தான், அவனுக்கு நிறுத்தவே வேண்டாம்.”

நானும் சிரித்தேன். பின்னால், “கயிறு நிக்கல, பாத்தியா, நிக்கல” என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார். வெட்டு ஒட்டு என்ற பேச்சே இல்லை.

27.09.2013, வெள்ளி.

கேமராவை ஸ்டாண்டில் பக்கவாட்டில் சாய்த்தால் எடை ஒரு பக்கம் இழுக்கிறது. ஒரு கால் தூக்கிவிட்டது, ஜெனோ பாய்ந்து பிடித்தான். எதிர்ப்பக்கம் மணல் நிரப்பிய பை கட்டினோம். நின்றது.

“பாக்கியவன் சிரிப்பான்லே,” என்றான் ஜெனோ.

“சிரிக்கட்டும். நீ கண்ண எடுக்காத.”

29.09.2013, ஞாயிறு.

தேர். சப்பரத்தின் உச்சியில் மிக்கேல், கீழே நேர்ச்சையாக உப்பு மிளகு போடுகிற கைகள், எல்லாம் ஒரே படத்தில். ஜெனோ சாய்ந்த கேமராவோடு மூன்று மணி நேரம் நின்றான். ஒரு இடத்திலும் ஆட்டம் இல்லை. நன்றாக எடுத்திருக்கிறான். சொல்லியும்விட்டேன்.

05.10.2013, சனி.

கடைக் கண்ணாடிக்குள் டிவி நெட்டுக்குத்தாக நிற்கிறது. தேர் ஓடுகிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு ஊர்க் கமிட்டிக்காரர்கள் அண்ணாச்சியிடம் பேசிவிட்டுப் போனார்கள். அண்ணாச்சி, “அவன்ட்டயே கேளுங்க” என்று என்னைக் காட்டினார்.

மத்தியானம் டியூட்டி உடுப்போடு அப்பா வந்தார். இந்தக் கடைக்குள் அவர் வருவது முதல் தடவை. தேரை முழுசாகப் பார்த்தார்.

“குளச்சல் வண்டியில ரெண்டு நாளா இதே பேச்சு. எவனோ டிவிய நெட்டுக்குத்தா வச்சுக் கொடி காட்டினானாம்.”

“நான்தான்னு சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“டிக்கெட் குடுக்கண்டாமா? இத வேற சொன்னா ஒருத்தனும் சில்லறய எண்ணித் தரமாட்டான்.”

போகும்போது வாசலில் நின்றார். “விசாவ என்ன செய்ய?” என்றார்.

எப்போதும் ‘எப்பம் போற’ என்றுதான் கேட்பார்.

06.10.2013, ஞாயிறு.

இனி செய்ய வேண்டியவை:

1. டிவிக்கு இரும்பு ஸ்டாண்டு. வெல்டிங் கடையில் சொல்ல வேண்டும். டிவியின் பின்பக்க ஓட்டைகள் சதுரம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பட்டை பொருந்தும். பெஞ்சு முட்டெல்லாம் இனி வேண்டாம்.

2. பக்கத்திலிருந்து பார்த்தாலும் கறுக்காத திரை எது என்று நாகர்கோவிலில் கடை கடையாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கடைக்காரன் திட்டுவான். பார்க்கலாம்.

3. கொடியேற்று வீடியோவில் பெபிஷா பெயரைப் போட வேண்டும். போடாமல் விட்டதற்கு நேற்றுக் கடை வாசலில் நின்று சண்டை போட்டாள். நியாயம்தான். பெரிய எழுத்தில் போடலாம்.

4. கல்யாண வீட்டுக்காரர்கள் நெட்டுக்குத்துக் கேட்டால் முடியாது என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், அது அகலம். எல்லாவற்றையும் திருப்புகிறவன் கிறுக்கன்.

5. அண்ணாச்சியிடம் புது கம்ப்யூட்டர் கேட்க வேண்டும். குறிப்பைப் படிக்கத் தெரிந்த சாப்ட்வேரோடு.

6. சித்தப்பாவுக்குப் போன். வரவில்லை என்று நானே சொல்ல வேண்டும். அப்பா பேசினால் கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிடுவார், கேட்க ஒன்றுமில்லை.

7. அந்த விசா தனக்குக் கிடைக்குமா என்று ஜெனோ கேட்பான். இரண்டு நாளாக அதற்குத்தான் சுற்றிச் சுற்றி வருகிறான். கொடுக்கக்கூடாது. சம்பளம் கூட்டித் தரச் சொல்லி அண்ணாச்சியிடம் அவனுக்காக நான் பேச வேண்டும். கேமராவைச் சாய்த்துப் பிடித்து மூன்று மணி நேரம் நிற்க எனக்கு வேறு ஆள் இல்லை.