அரிசி டின்னுக்குள் நான்கு ஸ்கோன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். போன கடிதங்களிலும் இதே வரியைத்தான் எழுதினேன், அப்போது அதில் பாதிதான் உண்மை. இன்று முழுதும் உண்மை. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. எனக்கே முடிவை முதலில் கொட்டிவிட வாய் துறுதுறுக்கிறது, ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் என் சந்தோஷத்தின் அளவு உனக்குப் பிடிபடும்.

அப்பாவின் முட்டி தேறிவிட்டது என்று எழுதியிருந்தேன். முட்டி தேறியது. ஏணி ஏறக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே மனுஷன் உள்ளுக்குள் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு வருஷம் பைப் பிட்டர். ஏறாமலும் குந்தாமலும் எந்தக் குழாயைத் தொடுவது. முதல் மாதம் பழைய கூட்டாளிகள் வந்தார்கள், அண்ணே, மூணாவது மாடிக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது, என்னன்னு சொல்லுங்க என்று கேட்டார்கள். பிறகு போன் மட்டும். பிறகு அதுவும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மடியில் பேப்பர். காலையில் விரித்த பக்கம் சாயங்காலமும் அப்படியே இருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போதும் என்பார், திரும்பப் போய் உட்காருவார். ஒரு நாளாவது குழம்பில் உப்பு அதிகம் என்று கத்த மாட்டாரா என்று ஏங்கினேன். எட்டு மாதம். உனக்கு எழுதவில்லை. தனியாக இருக்கும் பிள்ளையை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்று. அது சரியா தப்பா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீ குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் சொல்லிக்கொடுத்தது என்று, டீயோடு தின்கிற குட்டி பன் மாதிரி ஸ்கோனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினாயே, அதைப் போன வாரம் செய்து பார்த்தேன். குளிர்ந்த வெண்ணெயை மைதாவில் விரல் நுனியால் உதிர்த்து, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் பொடித்துப் போட்டு, உலர்திராட்சையும் நறுக்கிய பேரீச்சையும் ஆரஞ்சுத் தோல் துருவலும் கலந்து, பால் விட்டு, பிசையாமல் சும்மா கூட்டிச் சேர்த்து, இரண்டு விரல் தடிமனில் தட்டி, டம்ளர் விளிம்பால் வெட்டி ஓவனில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை இருக்கிறதே, மாடிப்படி இறங்கிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும். நன்றாக எழும்பி வந்தன. புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனபோது நூலகக்காரம்மாவுக்கு ஆறு எடுத்துப் போனேன். மூன்று வாரம் தாமதம், வாய்ப்பூட்டு போடலாம் என்றுதான். அவர் ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, சனிக்கிழமை வாசகர் கூட்டத்துக்கு டீ மேசை போட்டுக்கொண்டிருந்தவர் ஊர் மாறிப் போய்விட்டார், இந்தச் சனிக்கிழமை அறுபது கொண்டு வாங்க, எல்லாருக்கும் பிடிச்சிருந்தா இனிமே அந்த மேசை உங்களோடது என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அறுபது என்றால் எத்தனை என்று உறைத்தது.

வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வது, சுவரிடமா, அப்பாவிடம்தான் சொன்னேன். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். அரை மணி கழித்துப் பின்பக்கம் அரம் தேய்க்கும் சத்தம். போய்ப் பார்த்தால் மனுஷன் கட்டிலுக்கடியிலிருந்து கருவிப் பெட்டியை இழுத்து வெளியே வைத்துக்கொண்டு, ஒரு துண்டு எவர்சில்வர் பைப்பின் விளிம்பைச் சீவிக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், டம்ளர் விளிம்பு மொண்ணை, அறுபது வெட்டினா மாவு நசுங்கிப்போகும், இது ரெண்டரை இஞ்சு, கரெக்டா இருக்கும் என்றார். எட்டு மாதத்தில் அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம். நான் அங்கேயே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும்.

புதன்கிழமை ஒத்திகை. நான் மாவு கூட்டினேன், அவர் வெட்டினார். ஓவனிலிருந்து எடுத்தால் பதினைந்தும் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம், எல்லாம் ஒரே திசையில். உன் சித்தி அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள். அவள் வாயைத்தான் உனக்குத் தெரியுமே. “என்னக்கா, நிக்க வெச்சா தூங்கி விழுற பசங்க மாதிரி இருக்கு, பக்கத்துல ஒருத்தர் தாங்கிப் பிடிக்கணும் போல” என்றாள். அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ரசமட்டத்தை எடுத்து ஓவனுக்குள் வைத்துப் பார்த்தார். ஓவன் சாய்ந்திருக்கிறதாம். அட்டையை மடித்து ஒரு காலுக்கடியில் கொடுத்தார். மறுபடி வைத்தோம். மறுபடி சாய்வு. கதவு இடுக்கில் சூடு போகிறது என்று கதவைக் கழற்றி ரப்பரை மாற்றினார். சாய்வு. வியாழக்கிழமை பேக்கிங் பவுடர் பழசு என்று முடிவு கட்டி, கோலை ஊன்றிக்கொண்டு தானே கடைக்குக் கிளம்பினார். தெருமுனை வரைக்கும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் போன நேரத்தில் கொஞ்சம் மாவு மீதி இருந்தது. அந்தப் பைப் வெட்டியை எடுத்து நான் நான்கு வெட்டி ஓவனில் வைத்தேன். அதே மாவு, அதே பழைய பவுடர், அதே ஓவன். நான்கும் சிப்பாய் மாதிரி நேராக எழும்பி நின்றன. அப்படியென்றால் கோளாறு ஓவனிலும் இல்லை, பவுடரிலும் இல்லை. அவர் கையில். அதை எப்படிச் சொல்வது, நீயே சொல். இப்போதுதான் எழுந்து நடமாட ஆரம்பித்திருக்கிறார். உங்க கைதான் சரியில்ல என்று சொன்னால் அந்த ஜன்னலுக்கே திரும்பிப் போய்விடுவார், பிறகு எழுப்ப முடியாது. சொல்லாவிட்டால் சனிக்கிழமை அறுபது கோணல் ஸ்கோனோடு போய் நிற்க வேண்டும், மேசை போய்விடும், அப்போதும் அவருக்குத்தான் அடி. படியில் கோல் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா, சிரிக்காதே, நான்கையும் தாளில் சுற்றி அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன். சின்ன வயசில் நீ சாக்லேட் ஒளித்துவைத்து மாட்டிக்கொள்வாயே, அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் வெண்ணெய் வாங்கப் போனேன். நாளைக்கு வட்டமாக வெட்ட வேண்டாம், கத்தியால் சதுரமாக அறுத்துவிடலாம், மாவு வீணாகாது என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று வழியெல்லாம் வசனம் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தால் சாப்பாட்டு மேசையில் இரண்டு வரிசை. ஒரு வரிசையில் அவர் வெட்டிய கோணல்கள். எதிரே என்னுடைய நான்கு. நடுவில் டார்ச். எனக்கு நேரமாகும் என்று அவரே உலை வைக்கலாம் என நினைத்து அரிசி டின்னைத் திறந்திருக்கிறார். எட்டு மாதமாக ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காதவர் அன்றைக்கு அரிசி களையப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் அதைக்கூட நான் யோசிக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெண்ணெய்ப் பொட்டலம் கையில் உருகிக்கொண்டிருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். உன்னிடம் எப்படி எழுதுவேன். ஏதோ பெரிய கட்டடத்தில் மூன்று நாளாக அகப்படாத ஒழுக்கைக் கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்கு வரும்போது அந்தக் காலத்தில் ஒரு முகம் இருக்கும், நீ பார்த்திருக்கிறாய், அந்த முகம். “இங்க வா, வா, இதப் பாரு” என்று என் கையைப் பிடித்து இழுத்தார். டார்ச்சை அடித்துக் காட்டினார். என் ஸ்கோனின் ஓரம் சொரசொரவென்று அடுக்கடுக்காக இருக்கிறது. அவருடையது வழவழவென்று பூசி மெழுகினாற்போல இருக்கிறது. “நான் அழுத்தல, திருகுறேன். திருகினா ஓரம் ஒட்டி அடைச்சுக்குது. அப்புறம் எங்க இருந்து எழும்பும், எந்தப் பக்கம் கொஞ்சம் வழி இருக்கோ அந்தப் பக்கம் மட்டும் எழும்புது. முப்பத்தொரு வருஷம் இந்தக் கை எதைத் தொட்டாலும் இறுக்கித்தான் விட்டிருக்கு, மாவை மட்டும் விட்டுடுமா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் பார், பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். உன்னையும் விடவில்லை. “கட்டடம் வரையறானாம் உன் பிள்ளை, ஒரு ஸ்கோன் நிமிர்ந்து நிக்க என்ன செய்யணும்னு குறிப்புல ஒரு வரி எழுதத் தெரியல” என்றார்.

சிரித்து முடித்ததும் டார்ச்சை அணைத்து வைத்தார். பிறகு, ஏன் ஒளிச்சு வெச்ச என்று கேட்டார். நீங்க மனசு ஒடைஞ்சிடுவீங்கன்னு என்றேன். “பைப் ஒழுகினா வீட்டுக்காரங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லாம வந்திருக்கேனா நான்? எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சாத்தானே அடைக்க முடியும். எட்டு மாசமா எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஓரமா எடுத்து வெச்சிட்டீங்க. எது கேட்டாலும் ஒண்ணுமில்ல, எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னா எனக்கு இந்த வீட்டுல என்ன வேலை” என்றார். குரல் ஏறவே இல்லை. அவரை ஓய்வாக வைத்திருக்கிறேன் என்று நினைத்து நான் செய்ததெல்லாம் இதுதானா. மின்விசிறி நின்றபோது ஆள் வைத்துப் பார்த்தேன், அவரிடம் சொல்லவில்லை. குளியலறைக் குழாய் சொட்டியபோது அடியில் துணியைக் கட்டிவைத்தேன், சத்தம் கேட்கக் கூடாதென்று. ஒரு பிட்டர் இருக்கும் வீட்டில். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. அந்தக் குழாயைப் பற்றியும் அப்போதே சொல்லிவிட்டேன். தெரியும், துணி கட்டினா சத்தம்தான் நிக்கும், தண்ணி நிக்குமா என்றார்.

உடனே வேலை. கையைத் திருத்த ஒரு நாள் போதாது, வெட்டியைத் திருத்திடலாம் என்று உட்கார்ந்தார். பைப்பின் தலையில் தட்டையான ஒரு மரக்கட்டையை இறுக்கினார். விரல் பிடிக்க இடமே இல்லை, உள்ளங்கையால் அழுத்த மட்டும்தான் முடியும். காற்று வெளியேற இரண்டு துளை. சனிக்கிழமை ஆறு மணிக்கு அடுக்களையில் வெளிச்சம் வருவதற்குள் மாவு கூட்டிவிட்டேன். அவர் மேசையருகே உயரமான ஸ்டூலில். டக், டக், டக். ஒவ்வொன்றும் சுத்தமாக விழுகிறது. முதல் தட்டு உள்ளே போனதும் இரண்டு பேரும் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறோம். ஆறாவது நிமிடம் எழும்ப ஆரம்பித்தன. நேராக. அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார், வலித்தது, சொல்லவில்லை. இதை மட்டும் சொல்லாமல் இருந்துகொள்கிறேன். சித்தி எட்டு மணிக்கு வந்து கேலி செய்யத் தயாராக வாயைத் திறந்தவள், ஒன்றை எடுத்து அந்த வாயிலேயே போட்டுக்கொண்டாள். “அத்தான், நீங்க குழாய் மாட்ட இத்தனை நாள் எதுக்கு வீணாப் போனீங்க” என்று கேட்டாள். அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

அறுபதையும் இரண்டு பெட்டியில் அடுக்கி எடுத்துப் போனோம். அவரும் வந்தார், நடந்தே வந்தார், இரண்டு இடத்தில் நின்று. நூலகத்தின் நீள மேசையில் துணி விரித்து வைத்தோம். கூட்டம் முடிந்து முதல் ஆள் வந்து எடுத்தார், இரண்டாவது ஆள், அப்புறம் எண்ண முடியவில்லை. தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் ஒன்றைத் தின்றுவிட்டுத் திரும்ப வரிசையில் போய் நின்றார், முதல் தடவை வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. ஒரு பெண் இதை யார் செய்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “கலந்தது அவங்க, வெட்டினது நான்” என்றார். கால் மணியில் பெட்டியில் துகள்தான் மிச்சம்.

நூலகக்காரம்மா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மேசை எங்களுக்கு. அடுத்த சனிக்கிழமையிலிருந்து எண்பது வேண்டுமாம். இரண்டு பேர் விவரமும் எழுதணும் என்றார். நான் என்னுடையதை எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில் அவருடையதையும் எழுதப் போனேன். ஆஸ்பத்திரியில் அத்தனை படிவத்தையும் நான்தான் நிரப்பினேன், தொழில் என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டுவிடுவேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். தொழில் என்ற இடத்துக்கு வந்தார். பைப் பிட்டர் என்று எழுதினார், ஒரு கமா போட்டார், ஸ்கோன் என்று எழுதினார். அந்தக் கமாவையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீயும் எங்களிடம் எதையும் பூசி மெழுகி எழுதாதே. காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எழுது, வேலையில் சிரமம் என்றால் அப்படியே எழுது. எங்களால் தாங்க முடியும், சில சமயம் வழிகூடச் சொல்ல முடியும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன் வீட்டுக்கார அம்மாளிடம் எங்கள் நன்றியைச் சொல்லி, வெட்டும்போது திருகாமல் நேராக அழுத்த வேண்டும் என்று அந்தக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல். இது அப்பாவின் உத்தரவு. நீ நோய் நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நிறைவாக இருக்க வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசியும் என்றும் உன்னோடு.

உன் அன்பு அம்மா
(அப்பா குளியலறையில் குழாயைக் கழற்றிப் போட்டிருக்கிறார், வந்து கையெழுத்துப் போடுவதற்குள் தபால் எடுத்துவிடுவார்கள்.)