இடுப்பில் மட்டும் கூடிய அளவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை என்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று வழக்கமாகக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை எனக்குப் பதில் வேண்டும்.

நீ கேட்ட கவுனைத் தைக்க உட்கார்ந்தேன். தோள், கை, மார்பு எல்லாம் பழைய அளவு, இடுப்பு மட்டும் கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். போனில் கேட்டால், சாப்பாடே இறங்கலப்பா, வயிறு மட்டும் உப்பிக்கிட்டே போகுது என்று சிரித்தாய். கடையில் நிற்கும் தையல் பொம்மையை உன் அளவுக்குக் கொண்டுவர இடுப்பில் துணியைச் சுற்றி ஊசி குத்தினேன், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டுத் திரும்பினால் உள்ளே உன் சின்ன அத்தை நின்றுகொண்டிருந்தாள். பட்டப்பகல், தலையில்லாத பொம்மைதான் என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவளுக்குக் கடைசியாக இப்படித்தான் இடுப்பை மட்டும் பிரித்துவிட்டுத் தைத்தேன், அதற்கு முன்பு பெரிய அத்தைக்கும். என் கூடப் பிறந்த இரண்டு பேரையும் கொண்டுபோனது சினைப்பையில் வந்த புற்றுநோய். அம்மா வந்து, என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க என்றாள். சுற்றிய துணியை அவிழ்க்கப் போனேன், தொட்டால் சூடாக இருக்குமோ என்று பயந்து கையை எடுத்துவிட்டேன்.

சின்ன அத்தை போன பிறகு டாக்டரம்மா என் ரத்தத்தைச் சோதித்ததை உனக்குச் சொன்னேன், பாக்கலாம்பா என்று தள்ளிக்கொண்டே வந்தாய். செல்கள் கண்டபடி பெருகாமல் அடக்கி வைக்கும் மரபணு ஒன்று இருக்கிறதாம், அம்மாவிடமிருந்து ஒன்று அப்பாவிடமிருந்து ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு பிரதி. எனக்கும் அத்தைகளுக்கும் அதில் ஒன்று பிறவியிலேயே பழுது. மற்றது காப்பாற்றிக்கொண்டிருக்கும், ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டுவிட்டால் தட்டிக்கேட்க ஆளில்லை. என்னிடம் அது இதுவரை சத்தமில்லாமல் இருக்கிறது, உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். பெண்களோடு போகிற நோய் என்று நினைத்திருந்தோம், நடுவில் நான் இருக்கிறேன்.

வெறும் வாயுவாகவே இருக்கட்டும், பேரப்பிள்ளையாகவே இருக்கட்டும், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். தள்ளிப்போடாமல் வயிற்றை ஸ்கேன் எடு, அங்குள்ள டாக்டரிடம் இரண்டு அத்தைகளையும் பற்றிச் சொல், ரத்தமும் கொடு. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நீ நூறு வயது இருக்க வேண்டும் தாயே. முடிவு எதுவானாலும், அப்பா பயப்படுவார் என்று மறைக்காதே. வந்திருந்தால் அது நான் கொடுத்தது, முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும்.

உன் பதிலுக்காகக் கடையைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா