பரிஸ் வழியாக டக்கார்

செப்டெம்பர் 8, திங்கள்

மதியம் டிரெக்டர் கூப்பிட்டார். ஏதோ மாதிரியைப் பிழையாகப் பதிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். விஷயம் வேறு. செனகலில், டக்கார் நகரத்தில், நிலக்கடலைக்கு, நம்முடைய கச்சானுக்கு, ஒரு பரிசோதனைக்கூடம் திறக்கிறார்கள். பூஞ்சண நஞ்சு பார்க்கிற இயந்திரங்களைப் பூட்டி, அங்குள்ள ஆட்களைப் பழக்கிவிட இரண்டு வருடத்துக்கு ஒருவர் வேண்டும். பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும். "உங்களை விட்டால் யார், மாதாம் கௌசலா?" என்றார்.

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் ஊரில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவின் லாபில் பதினொரு வருடமாகக் கச்சான் அரைக்கிறேன். ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

செப்டெம்பர் 9

இவரிடம் சொன்னேன். என் மனிசன் உதயன் இருபத்திரண்டு வருடமாக டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் நிற்கிறவர். வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"டக்கார் எங்க இருக்கு?"

"செனகலில."

"செனகல் எங்க இருக்கு?"

"ஆபிரிக்காவில."

வெட்டுவது நின்றது. "பகிடியோ?"

கூட வருகிறவருக்கும் டிக்கெட் தருகிறார்கள், வீடும் தருகிறார்கள், நீங்களும் வாருங்கள் என்றேன். "பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்பது 'இல்லை'யின் மரியாதையான வடிவம். மகள் சாம்பவி மட்டும் கட்டிப்பிடித்தாள். பத்தொன்பது வயது. வீடு தன் கைக்கு வரப்போகிறது என்ற சந்தோஷமும் அதில் இருந்திருக்கும்.

செப்டெம்பர் 20, சனி

செயின்ட்-மிஷேல் ஹோலில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையானவளுக்குச் சடங்கு. இவருடைய அக்கா புஷ்பராணி மச்சாள் சாப்பாட்டு மேசைக்கே வந்து கையைப் பிடித்தார். "கௌசலா, பிரான்சுக்கு வேலைக்குப் போறீராம்! எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

நான் இவரைப் பார்த்தேன். இவர் மட்டன் ரோலைப் பார்த்தார்.

காரில் கேட்டேன், ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் என்று. "பிரெஞ்சில வேலை எண்டு தொடங்கினன். அக்கா பிரான்சோ எண்டா. ஓம் எண்டிட்டன்."

"ஆபிரிக்கா எண்டு சொல்ல என்ன?"

"சனம் என்ன நினைக்கும்? இஞ்ச வேலை போயிட்டுது, அதுதான் போறா எண்டு நினைக்கும்."

சண்டைக் காலத்தில் பங்கருக்குள் கிடந்து, கள்ளப் பாஸ்போட்டில் நாலு நாடு கடந்து வந்த மனிசன். ஆபிரிக்கா என்றால் ஆபத்தாம்.

செப்டெம்பர் 27

ஒரு கிழமையாக எனக்கு ஆலோசனை மழை. எல்லாம் பிரான்சுக்கு. கோயில் சண்முகலிங்கம் அண்ணை தொலைபேசியில் முக்கால் மணி நேரம் கதைத்தார். மெட்ரோவில் பொக்கற் அடிப்பார்களாம். லா சப்பல் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய் மலிவாம். குளிருக்குத் தடித்த கோட்டு கட்டாயமாம். நானும் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டேன். டக்காரில் இன்றைக்கு முப்பத்தொரு டிகிரி.

ஒக்டோபர் 4, சனி

உண்மையான ஆலோசனை இன்றுதான் கிடைத்தது. லாபில் முன்பு வேலை செய்த ஃபாத்து டக்கார்காரி. டவுன்டவுனில் கோப்பி குடித்தோம். அவள் சொன்னது அரைப் பக்கம்கூட வராது:

யாரிடமும் நேரே விஷயத்துக்குப் போகாதே. முதலில் சுகமா, வீட்டில் எல்லாரும் சுகமா, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி. எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் 'சாவி எங்கே' என்று கேட்க வேண்டும். இங்கே மாதிரி ஒரு 'போன்ஜூர்' போட்டுவிட்டு வேலையைச் சொன்னால் உன்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள், இயந்திரம் பழகவும் வரமாட்டார்கள். டக்சியில் ஏற முன்னம் விலை பேசு. வீட்டைக் கண்ணால் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதே. தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வை. ஒரே தட்டில் எல்லாரும் சாப்பிடும்போது உன் முன்னால் இருக்கிற சோற்றை மட்டும் எடு. இடது கையால் எதையும் நீட்டாதே.

கருவாடு கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எங்களுக்கே கருவாடு கொண்டு வரப்போகிறாயா?"

உன் புருஷன் வருகிறாரா என்று கடைசியில் கேட்டாள். பாப்பம் என்றேன். நானும் பழகிவிட்டேன்.

ஒக்டோபர் 9

பரிஸிலிருந்து இவருடைய தம்பி றூபனின் போன். "அண்ணி, மேல் அறைக்குப் பெயின்ற் அடிச்சிட்டன். கட்டில் நாளைக்கு வருது." நான் போனை இவரிடம் நீட்டினேன். இவர் போனை வாங்கி, "என்ன கலர்?" என்று கேட்டார்.

ஒக்டோபர் 13, திங்கள்

லீவு நாள். வெளிநாட்டுக்கு ஒருவர் போகிறார் என்றால் எங்கள் சனத்துக்கு அது தபால் கந்தோர். "ஒரு சின்னப் பார்சல்" என்று சொல்லிச் சொல்லி வரவேற்பறை நிரம்பிவிட்டது. மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா, ஒரு குழந்தைக்குக் காப்பு. புஷ்பராணி மச்சாள் றூபனின் மகளின் கலியாணத்துக்குத் தைத்த பதினாறு பிளவுஸ்களோடு வந்தார். இவர் தராசை எடுத்து வைத்து, யாருக்கு எத்தனை கிலோ என்று பிரித்துக் கொடுக்கிறார்! என் பெட்டியில் எனக்கு மிஞ்சியது நாலு கிலோ.

அதுக்கு மேல ஏலாமப் போச்சு. சொல்லிப்போட்டன். "மச்சாள், நான் பிரான்சுக்குப் போகேல்லை. ஆபிரிக்காவுக்குப் போறன். டக்காருக்கு. கச்சான் சோதிக்க."

இவர் தராசைப் பார்த்தபடி இருந்தார். நிலம் பிளக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மச்சாள் கேட்டார்: "பிளேன் எதால போகுது?"

"பரிஸால."

"அப்ப என்ன பிள்ளை? எயார்போட்டில றூபனிட்டக் குடுத்திட்டுப் போமன்!"

பிறகு சம்பளம் கேட்டார். தன் மகன் மிதுசனுக்கும் அங்கே ஏதும் வேலை இருக்குமோ என்று கேட்டார். இதற்காகவா ஒரு மாதம் பொய் சொன்னோம்?

ஒக்டோபர் 16

இவர் என்னோடு கதைப்பதில்லை. தேத்தண்ணி மட்டும் நேரத்துக்கு வருகிறது.

ஒக்டோபர் 25, சனி

இன்றைக்கு வாய் திறந்தார். மானம் போச்சு என்றார். எப்பிடிப் போச்சு, அக்காவே ஒண்டும் சொல்லேல்லையே என்றேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்:

"உம்மட லாபில தந்த அந்தப் படிவத்தில என்ர பேர் எங்க வரும் எண்டு பாத்தனீரோ? 'கூட வருபவர்.' இருபத்தொரு வருசத்துக்கு முன்னம் நான்தான் உம்மை இஞ்ச கூப்பிட்டனான். இப்ப நான் உமக்கு வாலோ?"

ஓ. ஆபிரிக்கா இல்லை. சனமும் இல்லை. இதுதானா!

எனக்கு வந்த கோவம் இன்னும் போகேல்லை. நானும் படிவத்தில அதே 'கூட வருபவர்' பெட்டிக்குள்ளதானே வந்தனான்? ஊரில கம்பஸில படிச்சிட்டு வந்து, இஞ்ச கார்டெரி எண்ட பிள்ளைக் காப்பகத்தில பிள்ளையளுக்கு மூக்குத் துடைச்சு, பிரெஞ்சு படிச்சு, திரும்பவும் லாப் படிச்சு... ஒருத்தரும் கேக்கேல்லை, வாலா இருக்க உனக்கு எப்பிடி இருந்தது எண்டு. இவரும் கேக்கேல்லை. அதைச் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். இவர் எழும்பி வேலைக்குப் போய்விட்டார்.

ஆனால் இவர் இல்லாமல் போக எனக்கு விருப்பமில்லை. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன், நேரே சொல்ல வாய் வராது. போகிறவர்களின் பெயர்களைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

ஒக்டோபர் 30

காலையில் படிவம் ஒட்டிய உறைக்குள் மேசையில் இருந்தது. "குடுத்துவிடும்" என்றார், சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே. கொடுத்துவிட்டேன். உள்ளே என்ன என்று பார்க்கப் பயம்.

நவம்பர் 6

அலுவலகத்துப் பெண் கூப்பிட்டாள். முகத்தை மிகவும் கண்ணியமாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாதாம், லாப் நிபுணர் நீங்களா, உங்கள் கணவரா?"

படிவத்தை நீட்டினாள். முதல் பெட்டியில், ஊழியர்: உதயன். இரண்டாவதில், கூட வருபவர்: கௌசலா. அச்சு மாதிரி அழகான எழுத்து. வரிப் படிவம், குடியுரிமை, சாம்பவியின் பள்ளிக்கூடம் எல்லாம் இருபத்தொரு வருடமாக இதே எழுத்தில், இதே வரிசையில்தான் போயிருக்கின்றன. இவர் பெயர் இல்லாமல் எங்கள் வீட்டில் எந்தக் கடதாசியும் தொடங்கியதே கிடையாது.

அப்போ இவர் வருகிறார்! நான் அங்கேயே நின்று சிரித்த சிரிப்பில் அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

வீட்டில் புதுப் படிவத்தை முன்னால் வைத்தேன். பார்த்தார். காது சிவந்துவிட்டது. "பழக்கதோஷம்" என்றார். பேனையை எடுத்து முதல் பெட்டியில் என் பெயரை எழுதினார். மெதுவாக, தெரியாத பாஷையில் எழுதுவது மாதிரி. இரண்டாவது பெட்டிக்கு வந்ததும் தேத்தண்ணி வைக்க எழும்பினார். திரும்பி வந்து அதையும் நிரப்பினார். ஹோட்டலில் முதலில் ஒரு வருடம் சம்பளமில்லாத லீவு கேட்டிருக்கிறாராம். போன கிழமையே கேட்டுவிட்டாராம். அதை என்னிடம் சொன்னால் என்ன?

டிசெம்பர் 14, ஞாயிறு

இப்போது டக்கார் பற்றிய ஆலோசனை வேண்டுமென்றால் சனம் இவரிடம்தான் வருகிறது. இன்று ஹோலில் நாலு பேரை நிறுத்தி வைத்து, "இஞ்சத்தை ரைஸ் குக்கர் அங்க வேலை செய்யாது. கரண்டு இருநூற்று முப்பது வோல்ற், புகைஞ்சு போகும். டக்சியில ஏற முன்னம் விலை பேச வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் போய் இறங்கவில்லை. சண்முகலிங்கம் அண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 10, சனி — விமான நிலையம்

பிளேனுக்கு இன்னும் ஒரு மணி நேரம். சாம்பவி அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு அழுதாள்.

கவுண்டரில் வழக்கம்போல இவர்தான் முன்னால், கையில் இரண்டு பாஸ்போட்டும். நானும் வழக்கம்போலப் பின்னால். அந்தப் பெண் இவரைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டாள்: "டக்காருக்கு வேலைக்காகப் போகிறீர்களா, மிஸ்யூ?"

பதில் சொல்ல நான் வாய் திறந்தேன். அதற்குள் இவர், தன் சமையலறைப் பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக வைத்தார்: "இல்லை, மாதாம். வேலை இவவுக்கு. நான் கூடப் போகிறவன்."

பின்னால் வரிசையில் தமிழ்ச் சனமும் நின்றது. இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியை வேகமாகக் கேட்டாள். இவர் இரண்டு பாஸ்போட்டையும் என் கையில் தந்து ஓரமாகத் தள்ளி நின்றார்.

"இனி நீர் கதையும். எனக்கு இவ்வளவுதான் வரும்."