படிப்பை நிறுத்த மூன்று காரணங்கள்

ஜூலை 8

அன்பு மகளுக்கு,

நலம். இக்கடிதத்தில்:
1. படிப்பை நிறுத்தும் முடிவு
2. அதற்கான மூன்று காரணங்கள்
3. நீ திட்டாமலிருக்க ஒரு வேண்டுகோள்

ஓய்வுபெற்ற பிறகு வேதியியல் படிக்க வந்தது பேராசையோ என்று இந்த இரண்டாம் வருஷத்தில் தோன்றுகிறது. முதல் காரணம், கை நடுக்கம். ஒரு சொட்டு விடவேண்டிய இடத்தில் நான்கு விழுகிறது. இரண்டாவது, கரும்பலகை சரியாகத் தெரியவில்லை. பேராசிரியரிடம் சொல்லப் பயம். மூன்றாவதுதான் முக்கியம். ஆய்வகத்தில் மேசைக்கு இருவர். என் கூட்டாளிப் பெண் கொட்டாவி விட்டபடி சன்னலையே பார்க்கிறாள். என் மந்தத்தால் அவளுக்கும் மதிப்பெண் குறைகிறது. அவள் படிப்பை விட்டால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

உன் அப்பா

ஜூலை 19

அப்பா,

திட்டத்தான் போறேன். சேரணும்னு ஒரு வருஷம் என் உயிரை வாங்கினது யாரு? கண்ணாடியை மாத்துங்க. முன் பெஞ்சுல போய் உக்காருங்க. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? மாட்டீங்களே! நீங்களே கேள்வி, நீங்களே பதில். கேட்டுட்டு எழுதுங்க.

கோபத்துடன்,
உங்கள் மகள்

ஆகஸ்ட் 2

அன்பு மகளுக்கு,

கேட்டேன். வாக்கியத்தை வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "என்னால உனக்குத் தொந்தரவும்மா. நான் நின்னுக்கறேன்."

அவள் குடுவையைக் கீழே வைத்தாள். "நிஜமாவா தாத்தா? எனக்கு இந்தப் படிப்பு முதல் வருஷமே கசந்துபோச்சு. நான் போயிட்டா உங்ககூட யாரும் சேர மாட்டாங்களேன்னுதான் வந்துட்டிருக்கேன்."

"என்னை நினைச்சா இருந்தே? நான் தனியாவே செஞ்சுப்பேனே!"

"சத்தியமா?"

தலையாட்டிவிட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் சேர்ந்துவிட்டாளாம். முதல் வருஷத்திலேயே ஆசைப்பட்ட வேலையாம். எனக்கு வந்த எரிச்சல் அவள்மீதா என்மீதா என்று தெரியவில்லை. ஒரு வருஷம் இருவரும் ஒருவருக்கொருவர் இரக்கப்பட்டே வீணடித்திருக்கிறோம்.

நேற்று ஆய்வகத்தில் தனியாக நின்றேன். மூன்று முறை தப்பு. ஆய்வக உதவியாளர் சாவியை ஆட்டி, "பெரியவரே, வீடு வாசல் இல்லையா?" என்றார். நான்காம் முறை கரைசலின் நிறம் சரியாக மாறியது. காட்டுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

திங்கட்கிழமையும் போகிறேன். என் மூன்றாவது காரணம் தவறு. மற்ற இரண்டும் சரிதான். ஆனால் அவற்றை மட்டும் சொல்லிக்கொண்டு விலக வெட்கமாக இருக்கிறது.

உன் அப்பா